தாய்மாமனுக்கு ஓர் அட்டை

மகிமாவின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் இல்லை. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள். அந்தத் தாய்மாமன் கருத்தக்கண்ணன், பத்திரிகையைப் பார்க்கக் கூடலூரிலிருந்து ஜீப்பில் கிளம்பிவிட்டார்.

"பேரு இல்லேன்னா எங்கண்ணன் மேடை ஏறமாட்டாக. இங்கனயே திரும்பிருவாக" என்றார் பஞ்சம்மாள். மகிமாவின் அம்மா, ஓடைப்பட்டியில் நான் வேலை பார்க்கும் திராட்சை மண்டியின் முதலாளி. "புதுசு அடிச்சு வர நாளாகும். அவுகளுக்கு மட்டும் ஒண்ணு நம்ம பிரிண்டர் மெஷின்ல எடுத்துரு தம்பி."

பில் அடிக்கும் தாளை எடுத்தேன்.

"அது வேணாம். விரல்ல தேச்சுப் பாப்பாக. இது பத்திரிகையா நோட்டீசானு கேப்பாக."

அச்சகக்காரன் மாதிரிக்குக் கொடுத்த வெற்று அட்டைகள் மூன்று இருந்தன. ஒன்றைக் கீழ்த்தட்டில் வைத்தேன். அந்த வழியில் தாள் உள்ளே வளைந்து திரும்ப வேண்டும். தடித்த அட்டை வளையவில்லை. பாதியில் சிக்கி, அப்பளம் மாதிரி நொறுங்கி வந்தது.

"கல்யாணக் காரியத்துல மொத அட்டையே இப்பிடியா?"

"அட்டைக்குக் கல்யாணம் தெரியாதுக்கா. தடிமன்தான் தெரியும்."

அடுத்ததைப் பின்பக்கத் திறப்பில் விடலாம். அங்கே வளைவு கிடையாது. கனத்த தாள் என்று கணினியில் மாற்றிவிட்டுத் திரும்பினேன். அதற்குள் பஞ்சம்மாளே அட்டையைச் செருகியிருந்தார். பொத்தானை அழுத்தினேன். உருளை சுற்றியது, அட்டை நகரவில்லை. இழுத்துப் பார்த்தால் நான்கு மூலையிலும் ஈர மஞ்சள்.

"வெறும் அட்டைய உள்ள விடக்கூடாதுப்பா. அதான் தடவினேன்."

"அடிச்ச பெறகு தடவுங்க."

"அதுக்குள்ள ராகுகாலம் வந்துரும்."

முன்பு வேலை பார்த்த இடத்தில், இரவு ஷிப்டில் மெஷினும் நானும்தான். அங்கே யாரும் மஞ்சள் தடவியதில்லை. அந்த வேலையை விட்டதற்கு முதல்முறையாக வருத்தப்பட்டேன். உருளையைத் துடைத்தேன். வாசலில் ஜீப் சத்தம். மஞ்சள் கிண்ணத்தைப் பிடுங்கி என் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, கடைசி அட்டையை விட்டேன்.

நேராக வந்தது. எழுத்து சுத்தம். ஆனால் உருளையின் இடுக்கில் மிச்சமிருந்த மஞ்சள், சரியாகக் கருத்தக்கண்ணன் பெயர்மேல் ஒரு கோடு இழுத்திருந்தது. பஞ்சம்மாள் தலையில் கை வைத்தார். கிண்ணத்தை எடுத்து அவசரமாக மூலைகளில் மஞ்சள் தடவி, உள்ளே வந்த அண்ணனிடம் தட்டில் வைத்து நீட்டினார்.

கருத்தக்கண்ணன் முதலில் அட்டையைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு வரியாகப் படித்தார். தன் பெயரில் விரல் நின்றது.

"ஏத்தா, என் பேருல மட்டும் என்ன மஞ்ச?"

பஞ்சம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"மெஷின் தடவிருச்சுங்க" என்றேன். உண்மைதானே.

அவர் பிரிண்டரைச் சுற்றி வந்து பார்த்தார். அதன் தலையில் இரண்டு தட்டு தட்டினார்.

"மெஷினுக்குக்கூட மொறை தெரியுது பாத்தியா. ஒன் வீட்டுக்காரனுக்குத்தான் தெரியல." அட்டையைச் சட்டைப்பையில் பத்திரமாகச் செருகினார். "ஏலே தம்பி, பங்காளிக அட்டைக்கெல்லாம் இந்த மஞ்சக் கோட்டப் போட்டுறாத."

"போடமுடியாதுங்க" என்றேன். "அட்டை தீந்துபோச்சு."