வண்டி கிளம்புமுன்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். மாணவர்கள் வைத்த பெயர் பிரேக் வாத்தியார். பக்கத்து இருக்கையில் அவருக்கென்று இருக்கும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே மாட்டார். லாரி எதிரே வந்தால் "ஆண்டவரே" என்பார். நாய் குறுக்கே ஓடினாலும் "ஆண்டவரே"தான்.

"நாள் முழுக்க அவரைக் கூப்பிடுறீங்க. என்னன்னு அவர் கேக்கறதுக்குள்ள அடுத்த சிக்னல் வந்துடுது" என்று மனைவி கேலி செய்வாள்.

கேலிதான், ஆனாலும் சுருக்கென்று தைத்தது. தினமும் சேர்ந்து ஜெபிக்க வேண்டும் என்று கல்யாணமான புதிதிலேயே இருவரும் பேசி வைத்திருந்தார்கள். விடியற்காலையில் முழங்காலிட்டால், கட்டில் விளிம்பில் தலைசாய்த்துக் குறட்டை விடுவார். சாயங்காலம் உட்கார்ந்தால், அவளுக்கு ஒரு காது அடுப்பிலும் மறு காது போனிலும் இருக்கும். ஆரம்ப சூரத்தனம் ஒரு வாரம் தாங்கும். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையோடு சரி.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த அவளுக்கு ஊரின் மறுகோடிக்கு மாற்றல் வந்தது. "எனக்கும் ஓட்டக் கத்துக்குடுங்க" என்றாள்.

முதல் நாளே வினை. ஊராரிடம் பொறுமையின் சிகரமாக இருந்த மனிதர், மனைவி கிளட்சைச் சட்டென்று விட்டதும் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். வண்டி உதறி நின்றது. அவள் அதை ஓரங்கட்டினாள், சாவியை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள், நடந்தே வீடு போய்ச் சேர்ந்தாள். சாவியில்லாத காரில் வாத்தியார் தனியாக உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை, அவள் சாவியைத் திருகப் போனபோது தடுத்தார்.

"இரு. ஒரு ஜெபம் பண்ணிக்கலாம்."

"ஏன், நான் எங்கயாவது இடிச்சுடுவேன்னா?"

"இல்ல. நான் கத்தாம இருக்கறதுக்கு."

அவள் சிரித்துவிட்டாள். அவர் திக்கித் திணறி இரண்டு வாக்கியம் ஜெபித்தார். அன்று ஒரே ஒரு முறைதான் குரல் உயர்ந்தது. அதுவும் பாதியில் தணிந்தது. ஒருத்திக்காக ஜெபித்த வாய் சூடாறுமுன் அவளையே திட்டுவது அத்தனை சுலபமாக இல்லை.

அப்படியே பழக்கமாகிவிட்டது. கதவைச் சாத்தினால் காருக்குள் அடுப்பும் இல்லை, போனும் இல்லை. பெயர் தெரியாத நோயாளிகளுக்காக அவள் ஜெபித்தாள்: நேற்று வந்த நீலச் சட்டைக்காரர், ஊசிக்குப் பயந்து அழுத கர்ப்பிணி. இத்தனை பேரை மனதில் சுமந்துகொண்டா தினமும் வீடு திரும்பினாள் என்று அவர் வியந்துபோனார். ஒருநாள் பின்கதவு திறந்தது. பள்ளிச் சீருடையில் மகள்.

"பரீட்சை பத்திப் பேசணும்."

"சொல்லும்மா."

"உங்ககிட்ட இல்லப்பா. அவர்கிட்ட" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஓட்டுநர் தேர்வும் வந்தது. வாத்தியார் வாசலில் நகம் கடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பழக்க தோஷங்க. உக்காந்ததும் கண்ண மூடி வாய்விட்டே ஜெபம் பண்ணிட்டேன். அதிகாரி இடுப்பப் பிடிச்சுக்கிட்டே ஏறினாரா, 'பக்கத்துல இருக்கற சாருக்கும் சுகம் தாரும்'னு சேத்துச் சொல்லிட்டேன்."

"ஐயோ. அவர் என்ன சொன்னார்?"

"இடுப்பத் தடவிக்கிட்டார். அப்புறம், 'எனக்காக யாரும் இப்படிக் கேட்டதில்லம்மா, வண்டிய எடுங்க'ன்னார்."

"அப்ப பாஸ்தானே?"

"எங்க? ரிவர்ஸ்ல கம்பத்த இடிச்சுட்டேன். அவருக்கே மனசு வரல, ஆனா ஃபெயில்தான்."

வாத்தியாருக்கும் சிரிப்பு பீறிட்டது. வீடு போய்ச் சேரும்வரை இருவராலும் அடக்க முடியவில்லை.

மறுநாள் நல்ல மழை. தோற்ற அலுப்பில் இன்று ஜெபத்துக்கு வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டே கீழே வந்தார். காரில் தாயும் மகளும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

"சீக்கிரம் ஏறுங்க. நன்றி சொல்லிக்கிட்டிருக்கோம்."

"ஃபெயிலானதுக்கா?"

"இன்னும் கொஞ்ச நாள் நீங்கதானே கத்துக்குடுக்கணும். அதுக்கு."

நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே ஏறிக் கதவைச் சாத்தினார். மகள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவள் ஜெபத்தில் தோழிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. ஒருவரும் அவளை அவசரப்படுத்தவில்லை.