கஞ்சி சன்னல்

அம்சத்துக்கு அலுத்துவிட்டது. அடுப்படி வேலை ஆரம்பித்ததிலிருந்து வீடு முழுக்கச் சிமெண்டுத் தூசி. சோற்றில்கூட மணல் கடிபட்டது. கேஸ் அடுப்புக்கு மேடை, நின்று சமைக்க வசதி, எல்லாம் நல்லதுதான். ஆனால் அவளாக வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. அதை மட்டும் புருஷன் சாமிதுரை காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாபநாசத்துக்கு வடக்கே இருந்த அந்தப் பண்ணை வீட்டை, உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் போய் மிராசுதார் சென்னைக்குக் கிளம்பியபோது, துபாயில் இருந்த அம்சத்தின் மகன் வாங்கிக் கொடுத்தான். அதே பண்ணையில் கூலிக்கு உழைத்தவர்கள் இவர்கள். கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்து ஜெயிலுக்குப் போனவர் சாமிதுரை. இன்றைக்கு மிராசுதாரைவிட அவருக்குத்தான் வீட்டின் மேல் பித்து. தேக்கு உத்திரம், புகைக்கூண்டு, மரப்பலகை எதிலும் கை வைக்கக்கூடாது என்று கொத்தனார் மருதையனிடம் சத்தியம் வாங்காத குறை.

அம்சம் அடைக்கச் சொன்னது கொல்லைப்பக்கச் சுவரில் இருந்த கஞ்சி சன்னலை. அடுப்படித் தரையை ஒட்டி ஒரு சதுர ஓட்டை. நடவுப் பெண்கள் உள்ளே வந்துவிடக்கூடாது என்று மிராசுதார் வீட்டில் செய்த ஏற்பாடு. உள்ளே இருப்பவர் மணையில் உட்கார்ந்தபடியே கஞ்சி ஊற்றலாம். கொல்லை தாழ்வுதான் என்றாலும் வெளியே நிற்பவள் குனிந்துதான் சட்டியை நீட்ட வேண்டும். முகத்துக்கு முகம் தெரியாது. ஆண்களுக்கு வயலுக்கே கஞ்சி போய்விடும். அதனால் சாமிதுரை அங்கே குனிந்ததில்லை.

"அது இருக்கட்டும் அம்சம். நாம எங்க நின்னோம், இப்ப எங்க இருக்கோம்னு வர்றவன் பாக்கணும்ல?"

"நின்னது நானுங்க. நீங்க இல்ல."

"சரி விடு, அப்புறம் பாத்துக்கலாம்."

இப்போது அவர்களுக்கென்று இருந்த வயலில் நடவு நடந்த அன்று காலைதான், சன்னலைத் தாண்டி, கொல்லைக் கதவுக்கு வெளியே இருந்த தாழ்வாரத்துக்கு மருதையன் சிமெண்டு பூசியிருந்தான். உச்சி வேளையில் நடவுப் பெண்கள் கஞ்சிக்கு வந்து கொல்லையில் நின்றார்கள். ஈரத்தில் கால் வைக்க முடியாது; கஞ்சிக் குண்டானோடு வாசல் வழியாகத் தெருவைச் சுற்றிப் போக அம்சத்தின் முழங்கால் இடம் கொடுக்காது. அவள் யோசிக்கவே இல்லை. மணையை இழுத்துப் போட்டுச் சன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரு தூக்குவாளி நீண்டது, ஊற்றினாள். இன்னொன்று நீண்டது, ஊற்றினாள். சும்மா சொல்லக்கூடாது, உட்கார்ந்தது காலுக்கு இதமாக இருந்தது.

"பண்ணையம்மா, இன்னுங் கொஞ்சம் கெட்டியா ஊத்துங்க!"

நீலாம்பாளின் குரல். ஒரு காலத்தில் அதே வரிசையில் அம்சத்தோடு நின்றவள். வெளியே எல்லோரும் சிரித்தார்கள். வெறும் கேலிதான், மனசில் எதையும் வைத்துச் சொன்னதில்லை. ஆனால் அம்சத்துக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அடுத்த கை ஓட்டைக்குள் நீண்டிருந்தது. யாருடைய கை என்று அவளுக்குத் தெரியவில்லை.

எழுந்தாள். குண்டானைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்து ஈரச் சிமெண்டில் கால் வைத்தாள்.

"ஐயையோ, ஈரம்மா, ஈரம்!" என்று மருதையன் அலறினான்.

அவள் நிற்கவில்லை. கொல்லையில் இறங்கி, அந்தப் பெண்களுக்கு நடுவில் குண்டானை இறக்கி வைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த சாமிதுரை, பாதம் பாதமாகக் குழிந்து கிடந்த தரையைப் பார்த்தார்.

"உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? அதான் சன்னல் இருக்குல்ல, அது வழியா ஊத்தியிருக்கலாம்ல?"

"ஊத்துனேங்க," என்றாள் அம்சம். குரலில் சண்டை போடத் தெம்பில்லை. "நான் குனிஞ்ச எடம், அடைங்கன்னு சொன்னேன், நீங்க கேக்கல. இன்னைக்கு நானே உக்காந்து ஊத்திட்டேன். இப்பவாச்சும் அடைச்சிருங்க."