எல்லாத்துக்கும் ஆமாலா

பெட்ரீசியாவின் வெள்ளை மைவி கார் வாசலில் வந்து நின்றதும், கலாதேவி வெங்காயத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சன்னலுக்கு வந்தாள். காருக்குள் அவள் கணவர் சுகுமாரன் சிரித்துக்கொண்டிருந்தார். வீடு வந்த பிறகும் இறங்காமல் இன்னும் ஏதோ சொன்னார். பெட்ரீசியா ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

இருவருக்கும் கோலா கங்சாரில் ஒரே அலுவலகம். ஈப்போவிலிருந்து ஒரு வாரம் அவர் கார், மறுவாரம் அவள் கார் என்று போய் வந்தவர்கள், நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அவள் காரில் மட்டுமே போகிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "அவ நல்லா ஓட்டுறா" என்றார்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதே மனிதர் கலாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கார் ஓட்டும்போது கல்லாகிவிடுகிறார். தான் வேலை செய்யும் பல் கிளினிக்கில் நடந்ததையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே வருவாள். அவர் "ம்" என்பார். மிஞ்சிப்போனால் "ஆமாலா". பதினாறு வருடமாகக் கேட்டுக் கேட்டு என் பேச்சு புளித்துவிட்டது போல, என்று நினைத்துக்கொள்வாள். பெட்ரீசியா பூசுவது மாதிரியே ஒரு சிவப்பு லிப்ஸ்டிக்கை வாங்கிப் பூசிப் பார்த்தாள். அவர் கவனிக்கவே இல்லை. அவளே அழுத்தித் துடைத்துவிட்டாள். உதடு எரிந்தது.

சனிக்கிழமை, அதே அலுவலகத்துக் கோகிலனின் கல்யாணம். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே, பழைய ரப்பர் தோட்டத்துக் கோயிலில். தோட்டம் முழுக்க எண்ணெய்ச் செம்பனையாகிவிட்டிருந்தது. கோயில் மட்டும் அதே இடத்தில் இருந்தது. மண்சாலையில் கார் திரும்பியபோது கலா தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உங்களுக்கு அவளைத்தான் பிடிச்சிருக்கா?"

சுகுமாரன் தலையாட்டினார். "ஆமாலா. ரொம்ப நாளாவே அப்படித்தான்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பதறவில்லை, மறைக்கவில்லை. பந்தல் வாசலில் கலாவை இறக்கிவிட்டு, காரை நிறுத்த இடம் தேடிப் போனார்.

பந்தலில் பெட்ரீசியாவைக் கண்டதும் கலாவின் கால்கள் தாமாகவே அவளிடம் போயின. கை கழுவும் இடத்துக்கு அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

"காருல தினமும் அப்படி என்னத்த பேசிச் சிரிக்கிறீங்க?"

"ஆபீஸ் கதைதான்க்கா. எங்க பாஸ் விக் போட்டுட்டு வராரு, ஃபேன் போட்டா ஓடுறாரு. அத கேட்டா நீங்களும்..."

"என்கிட்ட வாயத் தொறக்காத மனுசன் உன்கிட்ட மட்டும் எப்படி பேசுறாரு?"

பெட்ரீசியா அவளை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அய்யோ அக்கா, ஜெலஸா? என் புருசன் சிங்கப்பூர்ல இருக்கான்னு இப்படியா? அண்ணன் ஓட்டுறப்ப நீங்க எந்தப் பக்கம் உக்காருவீங்க? இடது பக்கம். அந்தக் காதுதான் கேக்காதே! என் காருல அவரு இடது சீட்டு, நல்ல காது என் பக்கம். அவ்ளோதான்லா."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "எது கேக்காது?" என்றாள் கலா.

பெட்ரீசியாவின் முகம் மாறியது. "அண்ணன் சொல்லலியா? மூணு மாசமா... நான் சொல்லக் கூடாதுக்கா. அவருகிட்டயே கேளுங்க."

கள்ளத்தனம் என்றிருந்தால் கலா கூச்சல் போட்டிருப்பாள். இது அதைவிட மோசமாக வலித்தது. தன் கணவரின் நோவை இன்னொருத்தி மூன்று மாதமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

சுகுமாரன் செம்பனை நிழலில் காரைச் சரியாக நிறுத்திக்கொண்டிருந்தார். அவர் இறங்கியதும் கலா போய் அவருடைய வலப்பக்கத்தில் நின்றாள். "காதுக்கு என்ன?" என்றாள்.

அவர் கார் சாவியை விரலில் உருட்டினார்.

"கட்டி. தலைக்குள்ள, காது நரம்புல. பட்டாணி அளவுதான் கலா. கேன்சர் இல்லைன்னு ஸ்பெஷலிஸ்ட் சொல்லிட்டாரு, வேற எங்கயும் பரவாதாம். மெதுவாத்தான் வளருமாம், சிலருக்கு வளரவே வளராதாம். ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கணும். பெருசானா ரேடியேஷன், இல்லாட்டி ஆபரேஷன்."

"போன காது?"

"திரும்பி வராது. உள்ள ஒரு இரைச்சல் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. சில நாள் நடக்குறப்ப லேசா தள்ளும்."

"ஏன் சொல்லல?"

"மூளையில கட்டின்னு வெளிய தெரிஞ்சா நம்ம சொந்தக்காரங்க சும்மா இருப்பாங்களா? பாதி பேர் பால் ஊத்த வந்துருவாங்க. மீதி பேர் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு பஸ் எத்தன மணிக்குன்னு கேப்பாங்க."

"நான் சொந்தக்காரியா?"

"நீ அழுவ. நீ அழுதா நான் பயந்துருவேன்."

"அவகிட்ட மட்டும் சொன்னீங்க."

"நான் எங்க சொன்னேன்? நான் ஓட்டுறப்ப அவ பேசுனது ஒண்ணும் விழல. ஹைவேல லாரி ஹாரன் எந்தப் பக்கம்னு தெரியாம தடுமாறிட்டேன். 'அண்ணே, உங்களுக்குக் காது கேக்கல, டாக்டரப் பாருங்க, இனிமே நான்தான் ஓட்டுவேன்'னுட்டா."

கலாவும் அதே இருக்கையில்தான் உட்கார்ந்து வந்தாள். அவளுக்கும் கிடைத்தது அதே மௌனம்தான். பெட்ரீசியா அதில் ஒரு நோயைக் கண்டாள். கலா அதில் பெட்ரீசியாவைக் கண்டாள்.

"வர்ற வழியில நான் என்ன கேட்டேன் தெரியுமா?"

"ரப்பர் மரத்தெல்லாம் வெட்டிட்டு செம்பனை போட்டுட்டாங்களான்னு கேட்ட."

"உங்களுக்கு அவளப் பிடிச்சிருக்கான்னு கேட்டேன்."

சுகுமாரனின் கையிலிருந்து சாவி கீழே விழுந்தது. "அய்யோ! அதுக்கு நான்..."

"ரொம்ப நாளாவேன்னீங்க."

"கலா, சத்தியமா விழலம்மா. எதுக்கும் ஆமாலான்னு சொல்லிட்டா வம்பு இல்லைன்னு..."

"எல்லாத்துக்கும் ஆமாலாவா? உங்க கழுத்த நெரிக்கவான்னு கேட்டிருந்தா?"

"அதுக்கும் அதேதான்" என்றார் பரிதாபமாக. கலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் பயந்ததுபோலவே அழுதாள். அவர் பயப்படத்தான் செய்தார். ஆனாலும் அவள் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை.

மூக்கைச் சிந்திவிட்டு அவள் சொன்னாள். "இனிமே தலைக்குள்ள என்ன நடந்தாலும் எனக்குத்தான் மொதல்ல தெரியணும். அவளுக்கு அப்புறம்."

"ஆமா..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "கேட்டுச்சு. சரி."

அடுத்த ஸ்கேனுக்கு இருவரும்தான் போனார்கள். கிளினிக்கில் விடுப்புக் கேட்டபோது காரணத்தை மறைக்காமல் சொன்னாள் கலா. ஈப்போ மருத்துவமனையில் டாக்டர் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். போன தடவை அளவேதான், துளிகூட வளரவில்லை. படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னார். இனி ஒரு வருடம் கழித்து வந்தால் போதும்.

வெளியே நடைபாதையில் நின்று கலா அந்தச் செய்தியை முழுதாக உள்ளே வாங்கிக்கொள்வதற்குள் சுகுமாரனின் கைப்பேசி அடித்தது. திரையில் பெட்ரீசியா. பாவம், அவளும் காலையிலிருந்து காத்திருப்பாள். நல்ல பெண்தான். அது கலாவுக்குத் தெரியும். தெரிந்தும் அவரிடமிருந்து கைப்பேசியை வாங்கி, அடிக்க அடிக்கத் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"பாவம்லா கலா, சொல்லிடலாம்."

"சொல்லலாம்" என்றாள், அவருடைய வலது காதருகே போய். "மொதல்ல நான் கொஞ்ச நேரம் சந்தோசப்பட்டுக்கிறேன்."