நாலடி வழி

மாதேஸ்வரியின் வீடு மூக்கண்டப்பள்ளியில். அவள் வேலை பார்க்கும் கம்பெனியும், மகள் அனுப்ரியாவின் பள்ளிக்கூடமும் தெருவுக்கு நேர் பின்னால்தான். நடுவில் முனீர் அகமதுவின் சிமெண்ட் குடோன், அதைச் சுற்றி ஆளுயர மதில். அதனால் தெருவில் எல்லோரும் ஹைவேக்குப் போய், லாரிகளை ஒட்டி நடந்து, சுற்றித்தான் போகவேண்டும். முக்கால் மணி நேரம் ஆகும்.

கணவன் சந்தோஷ் பைக்கில் கொண்டுபோய் விட்டவரை அது பெரிதாகத் தெரியவில்லை. ஆடி மாதம் சூளகிரிப் பக்கம் ஒரு டெம்போ இடித்து அவனுடைய இடது கால் முறிந்தது. பைக்கும் போனது. மத்தியானம் அவனுக்குச் சோறு போடக்கூட அவளால் வந்துபோக முடியவில்லை.

ஒருநாள் குடோனுக்கே போய்க் கேட்டாள். "பாய், உங்க எடத்து வழியா நாங்க நடந்து போயிக்கட்டுமா?"

"லாரி ரிவர்ஸ் எடுக்குற எடம்மா. ஒரு கொழந்தை சக்கரத்துல மாட்டிக்கிச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொன்னதில் நியாயமும் இருந்தது. திரும்பினாள். வெளியே வரும்போதுதான் பார்த்தாள், கிழக்கு மதிலோரம் லாரி போவதில்லை. உடைந்த பலகையும் கிழிந்த சாக்கும்தான் கிடந்தன.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனாள். "ஒருநாள் காலைல எங்களோட நடந்து வாங்க பாய். அப்புறமும் முடியாதுன்னா நான் கேக்கமாட்டேன்."

அவர் யோசித்தார். டீ கொண்டுவந்த அவர் மனைவி முனவர் பேகம், "போயிட்டுத்தான் வாங்களேன். டாக்டரும் நடக்கத்தானே சொன்னாரு" என்றாள்.

மறுநாள் ஏழரைக்கு வந்துவிட்டார். ஹைவே வளைவில் கண்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி வந்தது. அனுப்ரியா அவர் கையைப் பிடித்துச் சாக்கடையோரம் இழுத்தாள்.

"இங்க எறங்கிக்கணும் தாத்தா. அந்தக் கம்பத்துகிட்ட இன்னொருவாட்டி எறங்கணும்."

எட்டு வயசுப் பிள்ளைக்கு எங்கெங்கே ஒதுங்கவேண்டும் என்று மனப்பாடமாக இருந்தது. பள்ளிக்கூடம் வரும்வரை அவரும் அவள் சொன்ன இடத்திலெல்லாம் இறங்கி ஏறினார். பிறகு கேட்டார்: "அந்த மதிலோரம் நாலடி போதுமாம்மா?"

"தாராளம் பாய்."

ஞாயிற்றுக்கிழமை அவரே கடப்பாரையோடு வந்தார். மதிலை இரண்டு பக்கமும் உடைத்தார்கள். தெருக்காரர்கள் பலகைகளை அள்ளி மண்ணை நிரவினார்கள். லாரி நிற்கும் பக்கம் கம்பிவலை அடைக்க வேண்டியிருந்தது. சந்தோஷ் ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, சாயங்காலம்வரை கம்பி முறுக்கினான். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் மாதேஸ்வரி அவன் முகத்தில் தெளிவைப் பார்த்தாள்.

இப்போது வீட்டிலிருந்து கம்பெனிக்கு எட்டு நிமிஷம். மத்தியானம் வந்து கணவனோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். பஸ் ஏறி ஓசூர் மார்க்கெட்டுக்குக் கீரை கொண்டுபோன பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் வழி முனையிலேயே கடை போட்டுவிட்டாள். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் வாங்கியே கூடை காலியாகிறது. தெருவில் இரண்டு பேர் பைக்கை விட்டுவிட்டு நடக்கிறார்கள்.

ஒருநாள் குடோன் வாசலில் நின்று மாதேஸ்வரி சொன்னாள்: "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல பாய்."

"நான்தாம்மா சொல்லணும். இருபது வருஷமா இங்க இருக்கேன், டிரைவருங்களத் தவிர யாரையும் தெரியாது. இப்ப தெருவே பேர் சொல்லிப் பேசிட்டுப் போவுது."

கார்த்திகையில் சந்தோஷ் கட்டுப் பிரித்தான். மறுவாரம் ஊன்றுகோலோடு தானே போய் மகளைக் கூட்டிவந்தான். வழிநடுவே முனவர் பேகம் ஒரு நாற்காலி போட்டு டீயும் கொடுத்தாளாம்.

"அப்பா ரெண்டுவாட்டி உக்காந்துட்டாரும்மா. ஆனா பெல் அடிக்கறதுக்கு முன்னாடியே ஸ்கூல் வாசல்ல நின்னாரு" என்றாள் அனுப்ரியா.

மாதேஸ்வரி கணவனைப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே செருப்பிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.