இரண்டு வெங்காயம், நாய்ச் சோப்பு

1987இல் ஹாலிவுட்டில் முடியைப் பார்த்துத்தான் இசைக்குழுவை எடைபோட்டார்கள். எங்கள் குழுவில் நான் டிரம்ஸ். பாடகன் டெவ்லினின் முடிக்கு நாளொன்றுக்கு ஒன்றரை டப்பா ஸ்ப்ரே செலவானது. பாஸ் கிட்டார் வாசித்த கர்ட்டிஸ்தான் பாட்டெல்லாம் எழுதுவான். அவன் முடி எதற்கும் நிமிராது. அதனால் புகைப்படங்களில் அவனுக்குக் கடைசி வரிசைதான்.

காதலி போய்விடக் கூடாதென்று உருகும் பாட்டு ஒன்றை அவன் எழுதினான். பதிவு முடிந்த அன்று, வீட்டுக்கு வாங்க வேண்டியதை டேப் பெட்டியின் மேலேயே குறித்துவைத்தான்: 'இரண்டு வெங்காயம், நாய்ச் சோப்பு.' இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் அதுதான் தலைப்பென்று அச்சடித்துவிட்டார்கள்.

ஆறே வாரத்தில் பாட்டு நாடு முழுக்க ஒலித்தது. தலைப்புக்கு என்ன அர்த்தமென்று டிவியில் ஒரு பெண் கேட்டாள். டெவ்லின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"ஒரு வெங்காயம் நான், இன்னொண்ணு அவ. உரிச்சா கண்ணீர்தான்."

"அப்ப நாய்ச் சோப்பு?"

"அதப் பத்திப் பேச எனக்கு இன்னும் மனசு ஆறல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒஹாயோவில் ஒரு பாதிரியார் அந்த இசைத்தட்டைப் பின்னோக்கிச் சுழற்றிக் கேட்டு, அதில் சாத்தானின் குரலைக் கண்டுபிடித்தார். விற்பனை இரண்டு மடங்கானது.

கர்ட்டிஸுக்குத் தாங்கவில்லை. "டேய், என் நாய்க்கு உண்ணி புடிச்சிருந்துச்சுடா!"

"உன் பாட்டோட ஆழம் உனக்கே தெரியல மச்சான்" என்றான் டெவ்லின்.

மறுவாரம் கர்ட்டிஸ் வானொலி நிலையத்துக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னான். உடனே நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் போனில் வந்தாள்.

"நீங்க யாருங்க?"

"பாட்ட எழுதினவன்மா."

"எழுதிட்டா போதுமா? எங்கப்பா செத்தப்ப இந்தப் பாட்டுதான் எனக்குத் துணையா இருந்துச்சு. நாய்ச் சோப்புன்னா என்னன்னு எனக்குத் தெரியும் சார்."

"நீ சொல்றதுதாம்மா சரி" என்றான் கர்ட்டிஸ்.

அன்று சாயங்காலமே, கலையை அவமதித்தானென்று எங்கள் மேனேஜர் அவனைக் குழுவிலிருந்து நீக்கினார். அந்த நீக்கக் கடிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் போட்டேன். கர்ட்டிஸ் என் முதுகில் தட்டிவிட்டு, நேராக முடிவெட்டும் கடைக்குப் போனான்.

அடுத்த பாட்டை டெவ்லினே எழுதினான். தலைப்புக்காக மட்டும் மூன்று மாதம் மலைப்பக்கம் போய் யோசித்துவிட்டு வந்தான். அதற்கு என்ன அர்த்தமென்று ஒருவரும் கேட்கவில்லை.