மூன்று பேருக்கும் ஒரே பெட்டி

லோகேஸ்வரனுக்கு வாய் பேசத் தொடங்கும் முன்பே கை பேசிவிடும். மலேசியாவின் சுங்கை பினாங் அடுக்குமாடியில் இது ஊரறிந்த விஷயம். மோட்டார் நிறுத்துகிற இடத்துக்காக ஒருவனை அடித்திருக்கிறான். கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தபோது குறுக்கே நின்ற ஒருவனை அடித்திருக்கிறான். எதற்கென்று அவனுக்கே ஞாபகமில்லாமல் வேறொருவனையும் அடித்திருக்கிறான். மனைவி ஷர்மினி மேல் மட்டும் இதுவரை கை வைத்ததில்லை. அதைப் பெரிய புண்ணியம் போல நாலு பேரிடம் சொல்லிக்கொள்வான். பெண்டாட்டியை அடிக்காமல் இருந்ததற்கெல்லாம் பதக்கம் கொடுக்கிற நாடாக இருந்தால் அவனுக்கு ஒன்று கிடைத்திருக்கும்.

அன்றைக்குக் கூரியர் கடையில் அவன் அடித்தது மனிதனை அல்ல, தராசை.

ஷர்மினி வீட்டுச் சாமிகளுக்கு உடை தைத்து ஆன்லைனில் விற்பவள். ஒரு சாண் உயர அம்மனுக்குப் பட்டுப் பாவாடை, பிள்ளையாருக்கு ஜரிகை வேட்டி, முருகனுக்கு மயில் கழுத்து நிறத்தில் அங்கவஸ்திரம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள். சின்னப் பொட்டலங்களுக்கு அங்கே வரி கிடையாது என்று இருந்தவரை தொழில் ஓடியது. அந்தக் கதவை அமெரிக்கா திடீரென்று சாத்திவிட்டது. இனி எத்தனை சின்னப் பொட்டலமாக இருந்தாலும் வரி. வாங்கியவர்கள் வாசலில் வந்து நின்ற வரியைப் பார்த்து, பொட்டலமே வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். கூரியர் கடை ஹஸ்ருல் அவற்றை மூட்டையாகக் கட்டி மேசைமேல் வைத்து, திருப்பி அனுப்பிய கூலியையும் சேர்த்துக் கேட்டான்.

"பிள்ளையாருக்கு வேட்டி கட்டுறதுக்கு எதுக்குடா வரி?" என்று கத்தினான் லோகேஸ்வரன். ஹஸ்ருலுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவனிடம் பதில் இருந்திருக்காது. லோகேஸ்வரன் எடை பார்க்கும் தராசைத் தூக்கி மேசைக் கண்ணாடியில் ஓங்கி அடித்தான். கண்ணாடி நொறுங்கி அவன் கையை முழங்கைவரை கிழித்தது. ஹஸ்ருல் நாற்காலியோடு சுவரில் போய் ஒட்டிக்கொண்டான்.

கட்டுப் போட்டுவிட்டவன் நூர் முகம்மது. எதிர் பிளாக்கில் குடியிருப்பவன். தமிழ்ப்பள்ளியில் முதலாம் வகுப்பிலிருந்து லோகேஸ்வரனோடு ஒரே பெஞ்சு. அவனும் மனைவி அஃப்ரீனும் வீட்டிலேயே நாசி கண்டார் சோற்றுக் குழம்புக்கான மசாலா அரைத்து ஆன்லைனில் விற்கிறார்கள். அவர்கள் பொட்டலங்களும் இப்படித்தான் திரும்பிக்கொண்டிருந்தன. பக்கத்துப் பேட்டையான டத்தோ கிராமாட்டில் களிமண் கம்மல் செய்து விற்கும் ஜெகதீஸ்வரி அக்காவுக்கும் அதே கதி.

"கண்ணாடிக்கு நான் பேசிக்கிறேன். நீ கைய ஆட்டாம இரு லா," என்றான் நூர் முகம்மது. லோகேஸ்வரன் எதையாவது உடைத்தால் போய்ப் பேசுகிற வேலை சின்ன வயதிலிருந்தே அவனுடையது.

கை கட்டுக்குள் இருந்த அந்தச் சில நாட்களில்தான் லோகேஸ்வரனுக்கு யோசனை வந்தது. கை சும்மா இருந்தால் மூளை வேலை செய்யும் போலிருக்கிறது. மூன்று பேர் சரக்கையும் ஒரே பெரிய பெட்டியில் போடுவது. சுங்கத்துக்கு ஒரே காகிதம். பெட்டி நியூஜெர்சியில் இருக்கும் அவன் சித்தப்பா மகள் ஹேமா வீட்டுக்குப் போகும். அவள் மொத்தமாக வரியைக் கட்டி எடுத்து, பிரித்து, அங்கிருந்தே உள்ளூர்த் தபாலில் ஒவ்வொருவருக்கும் அனுப்புவாள். வாங்குகிறவர் வாசலில் யாரும் வரி கேட்க மாட்டார்கள்.

ஒரே ஒரு நிபந்தனைதான். உள்ளே இருப்பது எல்லாமே மலேசியாவில் செய்ததாக இருக்க வேண்டும். இந்தியாவில் செய்ததற்கு வரி இரண்டு மடங்குக்கும் மேல். இந்தியப் பொருளை மலேசியப் பொருளோடு ஒளித்து வைத்தால் அது திருட்டு, மொத்தப் பெட்டியும் போய்விடும் என்று ஹேமா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

ஜெகதீஸ்வரி அக்கா தயங்கினாள். தீபாவளிக்கென்று செய்து வைத்திருந்த கம்மல் முழுவதும் இதில் போகிறது, போனால் போனதுதான், மறுபடி செய்யக் கையில் எதுவும் இல்லை என்றாள்.

"என் பொறுப்புக்கா. என் வார்த்தைய நம்புங்க," என்றான் லோகேஸ்வரன். லாரி வேலையை விட்டுவிட்டு மனைவியின் தொழிலை நம்பி வந்தவன். அவனிடம் மிச்சமிருந்தது அந்த வார்த்தை ஒன்றுதான். அந்தப் பெட்டியோடு மூன்று வீட்டு அடுப்பும் கப்பலேறுகிறது என்பது அவனுக்குத் தெரியும்.

பெட்டி கட்டிய அன்று அவன் விடியற்காலையிலேயே குளித்துவிட்டுக் கீழே மரத்தடி முனீஸ்வரரிடம் போய் வந்தான். சரக்கை அடுக்கும் முன், லாரி ஓட்டிய காலத்தில் புதுப் பயணத்துக்குச் செய்ததை இப்போதும் செய்தான். முனீஸ்வரர் காலடியில் வைத்த எலுமிச்சம்பழத்தையும் திருநீற்றுப் பொட்டலத்தையும் பெட்டியின் அடியில் வைத்துக் கண்ணை மூடினான். டேப்போடு காத்திருந்த நூர் முகம்மது எட்டிப் பார்த்துச் சிரித்தான். பிறகு பாவாடைகள் போயின, கம்மல்கள் போயின, மசாலா போயிற்று. நூர் முகம்மது மூடியை முழங்காலால் அழுத்தி டேப்பை இழுத்து ஒட்டினான்.

தீபாவளி நெருங்கியபோது ஹேமாவிடமிருந்து செய்தி வந்தது. பெட்டியைச் சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள். காகிதத்தில் காட்டாத இந்தியப் பொருள் உள்ளே இருக்கிறதாம். என்ன பொருள் என்று இன்னும் சொல்லவில்லை. சரக்கு மொத்தமும் திரும்ப வராது, மேலே அபராதம் வேறு.

லோகேஸ்வரன் ஒரே முடிவுக்கு வந்துவிட்டான். நம்மில் ஒருவன் ஏமாற்றிவிட்டான். என் வார்த்தையைக் குப்பையில் போட்டுவிட்டான். அன்று மாலையே எல்லோரையும் மரத்தடி முனீஸ்வரர் முன்னால் வரச் சொன்னான். தட்டில் சூடம். பக்கத்தில் தேங்காய், சத்தியம் முடிந்ததும் உடைக்க வேண்டும். எதிர் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

"இந்தியா சாமான் எதையும் நான் உள்ள வெக்கல. வெச்சிருந்தா இந்தக் கை வெளங்காமப் போவட்டும்," என்று முதல் ஆளாக எரிகிற சூடத்தில் ஓங்கி அறைந்து அணைத்தான் லோகேஸ்வரன். மனசறிந்து சொன்னான், அதில் பொய் ஒரு துளியும் இல்லை. அடுத்த சூடத்தை ஏற்றி ஷர்மினி அடித்தாள். ஜெகதீஸ்வரி அக்கா அழுதுகொண்டே அடித்தாள்.

"நூரு, வா."

நூர் முகம்மது இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "நான் சூடம் அடிக்க மாட்டேன் லோகா. கோவிச்சிக்காத. அல்லா மேல சொல்றேன், நான் எதையும் ஒளிச்சு வெக்கல."

"மொளகா எங்கேருந்து வாங்குற? இந்தியாலேருந்துதான?"

"அரைக்கிறது இங்கதான. அதெல்லாம் காயிதத்துல எழுதிக் குடுத்தாச்சு." அவன் குரலைத் தாழ்த்தினான். "உள்ள என்ன போச்சுன்னு எனக்குத் தெரியும்டா. இங்க வேணாம். தனியா வா, சொல்றேன்."

லோகேஸ்வரன் காதில் விழுந்தது 'எனக்குத் தெரியும்' மட்டும்தான். அதற்கு மேல் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. குனிந்து எடுத்தது தேங்காய் என்பதுகூட அடித்த பிறகுதான் தெரிந்தது. முதல் அடி தாடையில் விழுந்தது. தேங்காய் உடையவில்லை. தாடை உடைந்தது, அந்தச் சத்தம் காப்பிக் கடைவரை கேட்டதென்று பிறகு சொன்னார்கள். நூர் முகம்மது முழங்காலில் சரிந்து வாயைப் பொத்திக்கொண்டான். விரல் இடுக்கில் ரத்தமும் ஒரு பல்லும் வந்தன. இரண்டாவது அடி தோளில். பிறகு தேங்காயை எறிந்துவிட்டுக் காலால் மிதித்தான். விலாவில் மிதித்தான், வயிற்றில் மிதித்தான். "தனியா சொல்றியா? தனியா சொல்றியா நீ?" என்று ஒவ்வொரு மிதிக்கும் கேட்டான். ஷர்மினி அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்தாள். அவளையும் உதறிக் கீழே தள்ளினான். இத்தனை வருடப் புண்ணியமும் அந்த ஒரு உதறலில் போனது. காப்பிக் கடையிலிருந்து ஓடி வந்த நாலைந்து பேர் அவனை மரத்தோடு அழுத்திப் பிடிக்கும்வரை அவன் நிற்கவில்லை.

நூர் முகம்மது ஒரு தடவைகூடத் திருப்பி அடிக்கவில்லை. அதையும் லோகேஸ்வரன் குற்றத்தின் அடையாளமாகத்தான் எடுத்துக்கொண்டான்.

ஷர்மினி அவனோடு பேசுவதை நிறுத்தினாள். ஒரே ஒரு செய்தியை மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரியில் நூர் முகம்மதின் தாடைக்குக் கம்பி போட்டு வாயைக் கட்டியிருக்கிறார்கள். யார் அடித்தது என்று கேட்டதற்கு, மோட்டாரிலிருந்து விழுந்துவிட்டேன் என்று எழுதிக் காட்டியிருக்கிறான்.

"தப்பு பண்ணவன் வேற என்ன எழுதுவான்?" என்றான் லோகேஸ்வரன். சொல்லும்போது வீரமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குத் தட்டில் போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்தான்.

நூர் முகம்மது வீடு திரும்பிய மறுநாள் காலையில் ஹேமா கூப்பிட்டாள். ஷர்மினி தையல் மெஷினில் இருந்தாள். லோகேஸ்வரன் போனை மேசையில் வைத்து சத்தத்தைக் கூட்டினான்.

"அண்ணே, சுங்க ஏஜென்ட் இப்பதான் சொன்னாரு. மசாலா, துணி, கம்மல் எல்லாம் சரியாத்தான் இருக்காம். அடியில ஒரு எலுமிச்சம்பழம் அழுகிப் போய்க் கெடந்துச்சாம். பழம் கண்டா இங்க விடவே மாட்டாங்க. பக்கத்துல ஒரு வெள்ளப் பொடி. பொட்டலத்துல 'பழனி, இந்தியா'ன்னு அச்சடிச்சிருக்காம். என்ன பொடின்னு தெரியாம டெஸ்ட்டுக்கு அனுப்பிருந்தாங்களாம். அதாண்ணே அந்த இந்தியா சாமான். யாருண்ணே அதெல்லாம் உள்ள வெச்சது?"

மெஷின் நின்றது.

திருநீறு ஒரு சாமான் என்று லோகேஸ்வரனுக்குத் தோன்றியதே இல்லை. சாமி கொடுத்ததற்கு ஊர் ஏது, நாடு ஏது என்று இருந்துவிட்டான். சுங்கத்துக்காரன் அப்படி இருப்பானா?

"மொத ஆளா நீங்கதான சூடம் அடிச்சீங்க," என்றாள் ஷர்மினி. அவ்வளவுதான் சொன்னாள். கையிலிருந்த கத்தரிக்கோலை அவன்மேல் எறிந்தாள். அது காதை உரசிக்கொண்டு போய் அலமாரியில் பட்டு விழுந்தது. அவள் குனிந்து அழுதாள்.

காதில் வழிந்த ரத்தத்தைக்கூடத் துடைக்காமல் அவன் எதிர் பிளாக்குக்குப் போனான். மின்தூக்கிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை, படியில் ஏறினான். கதவைத் திறந்த அஃப்ரீன் அவனைப் பார்த்ததும் சாத்தப் பார்த்தாள். அவன் காலை வைத்துத் தடுத்து உள்ளே வந்தான்.

நூர் முகம்மது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து குழாயால் கஞ்சி உறிஞ்சிக்கொண்டிருந்தான். முகத்தின் ஒரு பக்கம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. மேசையின் மறுமுனையில் அஃப்ரீன் பாதி இடித்த மல்லி சின்ன இரும்பு உரலில் இருந்தது.

"நான்தான்டா நூரு. நான் வெச்ச திருநீறுதான்," என்றான் லோகேஸ்வரன்.

நூர் முகம்மது மெல்லத் தலையாட்டினான். அவனுக்கு இது புதுச் செய்தி இல்லை.

"இப்பதான் தெரியுதா?" என்று வெடித்தாள் அஃப்ரீன். "செய்தி வந்த அன்னைக்கே இவரு எங்கிட்ட சொல்லிட்டாரு. நான் ஃபோன் பண்ணிச் சொல்லுங்கன்னேன். நேர்ல பக்குவமா சொல்றேன்னாரு. அங்க போனா நீங்க ஊரையே கூட்டி வெச்சிருக்கீங்க. லோகாவோட சாமி முன்னால, அவன் சாமி திருநீறுதான் காரணம்னு எப்படிச் சொல்றது, நாலு பேரு முன்னால தலகுனிஞ்சு நின்னுருவான்னு, ஆஸ்பத்திரியில எழுதிக் காட்டுனாரு. உங்க தல குனியக் கூடாதாம்! அதுக்குத்தான் தனியா வாடான்னு கூப்ட்டாரு."

லோகேஸ்வரனுக்கு மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரை வந்தது. இத்தனை பெரிய அடிக்கு அத்தனை சின்ன வார்த்தையா என்று அவனுக்கே கூசியது. வலது கையை மேசைமேல் விரித்து வைத்தான்.

"அடிடா."

நூர் முகம்மது மாட்டேன் என்று தலையாட்டினான்.

"அவரு அடிக்க மாட்டாரு," என்றாள் அஃப்ரீன். உரலிலிருந்து இரும்பு உலக்கையை உருவி இரண்டு கையாலும் ஓங்கினாள். மல்லித் தூள் பறந்தது. உலக்கை விரல்கள்மேல் இறங்கியது. லோகேஸ்வரன் அலறினான். மேசை அதிர்ந்து கஞ்சிக் கிண்ணம் கீழே விழுந்து சிதறியது. கை தானாகவே நெஞ்சோடு ஒடுங்கியது. இரண்டு விரல்கள் போகக்கூடாத பக்கம் மடங்கியிருந்தன. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அதே கையை மறுபடி மேசைமேல் கொண்டுவந்து வைத்தான்.

அஃப்ரீன் அழுதுகொண்டே மறுபடி ஓங்கினாள். நூர் முகம்மது எழுந்து கத்தப் பார்த்தான். கம்பி கட்டிய வாயிலிருந்து முக்கலும் எச்சிலும்தான் வந்தன. நிறுத்து என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை. குனிந்து, நசுங்கிக் கிடந்த அந்தக் கையின்மேல் தன் கையை விரித்து வைத்தான்.

உலக்கை அந்தரத்தில் நின்றது. அஃப்ரீன் அதைத் தரையில் வீசினாள், டைல் ஒன்று உடைந்தது. பிறகு அவள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, புருஷன் கையை விலக்கிவிட்டு, லோகேஸ்வரனின் விரல்களைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"எலும்பு ஒடஞ்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்றாள் முகத்தைப் பார்க்காமல். "என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

லோகேஸ்வரன் நூர் முகம்மதைப் பார்த்தான்.

"மோட்டார்லேருந்து விழுந்துட்டேன்னு சொல்றேன்."