லீவே போடாத அத்தையும் நிக்காத குரலும்

இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. சுண்டுவுக்குப் பதினஞ்சு வயசுதான். பாவம்.

அவளோட அத்தை பல் டாக்டர். கிளினிக்ல யார் முன்னாடி போறதுன்னு தினமும் அடிதடி. அதனால சுண்டு ஒரு ப்ரோக்ராம் எழுதிக் குடுத்தா. திரையில ஒரு ஜன்னல், அதுல 'தொடங்கு', 'நிறுத்து'ன்னு ரெண்டு பட்டன். தொடங்குன்னு அமுக்கினா, பின்னாடி ஒரு த்ரெட், அதாவது ப்ரோக்ராமுக்குள்ளயே ஒரு குட்டி வேலையாள், தனியா ஓடும். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் சுண்டுவோட குரல்லயே, "டோக்கன் ஏழு, உள்ள வாங்க"ன்னு ஸ்பீக்கர்ல கூப்பிடும். வந்தவங்க விவரத்தைக் கம்ப்யூட்டர்லயே இருக்கிற ரிஜிஸ்டர்ல எழுதும். அத்தைக்கு ஒரே பெருமை. "இனிமே இந்தக் குரல் சொல்றதுதான் சட்டம். எனக்கும் சேர்த்துத்தான்"னு சொல்லிட்டாங்க.

அன்னைக்கு மதியம் முப்பத்தெட்டு டோக்கனும் தீர்ந்துச்சு. டோக்கன் கிழிச்சுக் குடுக்கிற அண்ணன், 'நிறுத்து'ன்னு அமுக்காம, மூலையில இருக்கிற பெருக்கல் குறியை அமுக்கிட்டாரு. ஜன்னல் போச்சு. நிறுத்துற பட்டனும் அதோட போச்சு. த்ரெட் மட்டும் போகல.

"டோக்கன் முப்பத்தொம்பது, உள்ள வாங்க."

அண்ணன் திருதிருன்னு முழிச்சாரு. குரல் கூப்பிட்டா ஆள் போயே ஆகணுமே! கண்ணாடி துடைக்க வந்தவர் கையில ஒரு டோக்கனைத் திணிச்சாரு. அவரு பல்லைப் பளிச்சுன்னு சுத்தம் பண்ணிக்கிட்டு, வந்த வேலையையே மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. நாப்பது, கூரியர்காரர். கையெழுத்து வாங்கப் போனவருக்கு ரெண்டு பல் அடைச்சாச்சு.

ஸ்கூல் விட்டு சுண்டு நுழையும்போது நாப்பத்தொண்ணு. வாயை மூடிட்டு நிக்கிறவளுக்குத் தன் குரல் கேட்டா எப்படி இருக்கும்? நேரா அண்ணன்கிட்ட ஓடினா.

"இப்போ யாருண்ணா உள்ள போனது?"

"உங்கப்பா. அத்தைக்கு மூக்குக்கண்ணாடி குடுக்க வந்தாரு. டோக்கன் இல்லாம எப்படிம்மா விடுறது? ப்ளக்கைப் பிடுங்கிடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்!"

போன திங்கக்கிழமை அப்படிப் பிடுங்கினப்போ த்ரெட் பாதி எழுதிட்டு இருந்துச்சு. ரிஜிஸ்டர் குழம்பி, ஒரு பல்லும் இல்லாத பெரியவருக்கு முப்பத்திரண்டுன்னு காட்டுச்சு. மொத்தம் பதினோரு வருஷக் கணக்கு. அது போனா கிளினிக்கே போச்சு. த்ரெட்டைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளக் கூடாது. 'போதும், கைவேலையை முடிச்சுட்டு வா'ன்னு சொல்லணும், முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும், அப்புறம்தான் ஜன்னலை மூடணும். பெருக்கல் குறியை அமுக்கினா அப்படிச் செய்யணும்னு சுண்டு எழுதவே இல்ல.

இப்போ த்ரெட்டோட காதுல போட ஒரே வழிதான் மிச்சம். ஒவ்வொரு தடவை கூப்பிடுறதுக்கு முன்னாடியும் அது லீவு லிஸ்ட்டைப் பார்க்கும். இன்னைக்கு லீவுன்னு இருந்தா, அதை ஸ்பீக்கர்ல சொல்லிட்டு, ரிஜிஸ்டரை ஒழுங்கா மூடிட்டு நின்னுடும். லிஸ்ட்டோட பாஸ்வேர்டு அத்தைக்கு மட்டும்தான் தெரியும். அந்த லிஸ்ட்ல இதுவரைக்கும் ஒரு தேதிகூட ஏறினதில்ல.

கதவைத் திறந்தா, அப்பா நாற்காலியில மல்லாந்து கிடக்காரு. ஊசி போட்டாச்சு.

"அக்கா, எனக்குப் பல் வலியே இல்லக்கா!"

"டோக்கன் இருக்கா இல்லையா? வாயைத் திறடா."

"அத்தை, நிறுத்துங்க! தப்பு என்னுது." சுண்டு எல்லாத்தையும் கொட்டிட்டா, திங்கக்கிழமை சமாச்சாரம் உள்பட. "இன்னைக்கு லீவுன்னு போடுங்க."

அத்தை குறடோட திரும்பினாங்க. "லீவா? நானா? என் கல்யாணத்தன்னைக்கே நாலு பல் பிடுங்கிட்டுத்தான்டி போனேன்."

"போடலேன்னா ஊர்ல ஒருத்தர் வாயிலயும் பல் மிஞ்சாது அத்தை. ப்ளக்கைப் பிடுங்கினா ரிஜிஸ்டர் மிஞ்சாது."

அத்தை திரையை ஒரு தடவை பார்த்தாங்க, தம்பி வாயை ஒரு தடவை பார்த்தாங்க. அப்புறம் குறடைக் கீழ வெச்சுட்டு, சொத்தை எழுதிக் குடுக்கிற மாதிரி, ஒத்தை விரலால லீவு லிஸ்ட்ல தேதியைத் தட்டினாங்க.

அடுத்த தடவை கூப்பிடுற வரைக்கும் நாலு நிமிஷம் காத்திருந்தாங்க. ஸ்பீக்கர் கரகரத்துச்சு.

"இன்னைக்கு டாக்டர் லீவு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

சுண்டு ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்தா. ஒரு வரியும் கெடல.

அத்தை கையுறையைக் கழட்டினாங்க. சட்டம் சட்டம்தானே. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாங்க.

"ஏன்டி, சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுல மனுஷங்க என்ன பண்ணுவாங்க?"